பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் யூஎஸ்பியில் வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி நிறைய வீடுகளில் ஒரு பழைய கணினி மூலைக்குப் போயிருக்கும். மதர்போர்டு போயிருக்கலாம், திரை உடைந்திருக்கலாம், வெறுமனே வேகம் போதாமல் இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் மட்டும் பல நேரங்களில் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டி) போட்டால், புதிதாக டிஸ்க் வாங்காமல் 500 ஜிபியோ 1 டிபியோ கைக்கு வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், செருகியவுடன் ஒன்றும் தெரியவில்லை என்றால் பலரும் ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் விண்டோஸ் கேட்கும் கேள்விக்கெல்லாம் ‘ஓகே’ கொடுத்து, பத்து வருடத்துப் படங்களை அழித்துவிடுகிறார்கள். மின்சாரம் போதாமை, தவறான கேபிள், கேஸுக்குள் இருக்கும் சின்ன போர்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். டிஸ்க்கைச் சந்தேகப்படுவது கடைசியில்தான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அந்த டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதை வேறிடத்துக்கு எடுத்து முடிக்கும்வரை ‘ஃபார்மட்’, ‘இனிஷியலைஸ்’, ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று வரும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் நான் சொல்வது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே மாறும்.

கேஸில் டிஸ்க் உட்காரவே மாட்டேன் என்கிறது

மேசைக் கணினியில் இருப்பது 3.5 அங்குல டிஸ்க், மடிக்கணினியில் இருப்பது 2.5 அங்குலம். இது பலருக்கும் தெரியும். அளவு சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் இரண்டு இடங்களில் பாருங்கள்.

ஒன்று, முனை. மடிக்கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கின் முனையில் சில சமயம் ஒரு விரல் அகலத்துக்கு பிளாஸ்டிக் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அது டிஸ்க்கின் பாகம்போலவே தெரியும். உண்மையில் அந்த மடிக்கணினியின் மதர்போர்டோடு பொருந்துவதற்காக மாட்டிய இடைமுனை அது. டிஸ்க்கை மேசையில் படுக்க வைத்து, பட்டையின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் நேராகக் கழன்று வரும். கோணலாக இழுத்தால் முள் வளையும். அது கழன்றதும் உள்ளே உண்மையான முனை தெரியும்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டையான நாக்குகள், சின்னது தகவலுக்கு, பெரியது மின்சாரத்துக்கு. இதுதான் சாட்டா. இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக முட்கள் இருந்தால் அது பழைய ஐடிஇ. அதற்கு சாட்டா கேஸ் ஒத்துவராது, தனி கன்வர்ட்டர் வாங்க வேண்டும்.

இரண்டு, தடிமன். 2.5 அங்குல டிஸ்க்குகள் 7 மிமீ, 9.5 மிமீ தடிமனில் வரும், சில 12.5 மிமீகூட உண்டு. சாதாரணக் கேஸ் 9.5 மிமீ வரைதான் எடுக்கும். அழுத்தி மூடாதீர்கள். மேல்மூடி அழுந்துவது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

கழற்றியது ஹார்டு டிஸ்க்காக இல்லாமல் சூயிங்கம் பட்டைபோல நீளமான எம்.2 எஸ்எஸ்டியாக இருந்தால் வாங்கும் முன் முனையின் வெட்டுகளைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ வகை. ‘பெரும்பாலும்’ என்பதால் லேபிளில் இருக்கும் மாடல் எண்ணையும் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் கேஸ் வேறு வேறு. இரண்டையும் ஏற்கும் கேஸும் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு எஸ்எஸ்டியைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

செருகினால் எந்தச் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை

கேஸைத் திறந்தபடியே வைத்து, டிஸ்க்கின் மேல் விரல் நுனியை லேசாக வைத்துச் செருகுங்கள். உயிரோடு இருக்கும் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது விரலில் மெல்லிய நடுக்கம் தெரியும். காதுக்குக் கேட்காததுகூட விரலுக்குத் தெரியும். ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் போய்ச் சேரவில்லை.

3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பியே கொடுத்துவிடும். 3.5 அங்குலத்தின் மோட்டாருக்கு 12 வோல்ட் தேவை, அதை யூஎஸ்பி கொடுக்காது. சந்தையில் விற்கும் சாட்டா–யூஎஸ்பி கேபிள்களில் பல 2.5 அங்குலத்துக்கானவை. முனை ஒன்றேதான் என்பதால் பெரிய டிஸ்க்கிலும் அழகாகப் பொருந்தும், ஆனால் மோட்டார் அசையாது. கணினி ஏதோ ஒன்று செருகியிருப்பதாக டிங் என்று சொல்லவும் செய்யும். அதனால்தான் குழப்பம். சுவரில் செருகும் தனி அடாப்டரோடு வரும் கேபிளோ டாக்கோதான் (டிஸ்க்கைச் செருகி வைக்கும் மேசைத் தாங்கி) இதற்குச் சரி.

அந்த அடாப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மடிக்கணினி சார்ஜரின் உருண்டை முனை டாக்கில் சரியாகப் பொருந்திவிடுவதுண்டு. பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். அது 19 வோல்ட், டாக் கேட்பது 12. கேஸும் டிஸ்க்கின் போர்டும் ஒரே நொடியில் போய்விடும். லேபிளில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டே செருகுங்கள்.

ஐடிஇ டிஸ்க் என்றால் இன்னும் இரண்டு இடங்கள். பின்பக்கம் ஜம்பர் என்ற சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். பழைய கணினியில் அது ‘ஸ்லேவ்’ நிலையில் இருந்திருந்தால் பல கன்வர்ட்டர்கள் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. லேபிளில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்து ‘மாஸ்டர்’ நிலைக்கு மாற்றுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் தனியாக இயங்கும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். மடிக்கணினி ஐடிஇ டிஸ்க்கில் 44 முட்களுக்குப் பக்கத்தில், சின்ன இடைவெளி விட்டு இன்னும் 4 முட்கள் இருக்கும். அவை ஜம்பருக்கானவை. கன்வர்ட்டரை அந்தப் பக்கமாகத் தள்ளிச் செருகிவிட்டால் எல்லா முள்ளும் இடம் மாறிவிடும். நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் செருகுங்கள்.

சுழல ஆரம்பிக்கிறது, டக் டக் என்கிறது, நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனம் உடைந்துவிடும். தகவலைப் படிக்கும் தலைமுனை போய்விட்ட டிஸ்க்கும் இப்படித்தான் தட்டும். ஆனால் மின்சாரம் போதாத டிஸ்க்கும் அச்சு அசலாக இப்படியே தட்டும். சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் மோட்டாருக்கு அதிக மின்னோட்டம் தேவை. 2.5 அங்குல டிஸ்க் 1 ஆம்பியர் வரை இழுக்கலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. பற்றாக்குறை வந்தால் டிஸ்க் பாதியில் நின்று மறுபடி முயற்சி செய்யும்.

அதனால் தீர்ப்பு எழுதும் முன் மின்சாரத்தை நல்லபடியாகக் கொடுத்துப் பாருங்கள். யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியில் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டோடு ஒட்டிய பின்பக்க போர்ட்டுக்குப் போங்கள். நீளமான கேபிளை மாற்றிக் குட்டைக் கேபிள் போடுங்கள். இரண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். 3.5 அங்குலம் என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் சரியாக இருந்தும் 1 ஆம்பியர் மட்டுமே தரும் ரவுட்டர் அடாப்டர் இதே கூத்தைக் காட்டும்.

வீட்டில் இன்னொரு மேசைக் கணினி இருந்தால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. சிபியூவை அணைத்து, டிஸ்க்கை உள்ளே இருக்கும் சாட்டா கேபிளிலும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) முனையிலும் நேராக மாட்டி இயக்குங்கள். அங்கே அமைதியாக ஓடினால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேஸ்தான் மோசம். அங்கேயும் தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளே தகட்டில் கீறல் விழும் வாய்ப்பு இருக்கிறது. வேண்டிய தகவல் இருந்தால் அப்படியே பையில் போட்டு, தகவல் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, உள்ளங்கையில் தட்டுவது எல்லாம் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். ஆய்வகத்தில் தூசி வடிகட்டிய காற்றில் வைத்துத்தான் மூடியைத் திறப்பார்கள்.

சத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் தெரியவில்லை

பதற வேண்டாம், இது நல்ல நிலைமை. ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசை இருக்கும். உங்கள் டிஸ்க் அங்கே எப்படித் தெரிகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சரியான அளவோடு, நீலப் பட்டையோடு, ஆனால் எழுத்து இல்லாமல் இருந்தால் டிரைவ் லெட்டர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பட்டையை வலது சொடுக்கி ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய் ஒரு எழுத்தைக் கொடுங்கள். ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் இடப்பக்கப் பெட்டியை வலது சொடுக்கி ‘ஆன்லைன்’ கொடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்து, பிறகு இரண்டையும் ஒரே கணினியில் மாட்டினால் இது வரும். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கிறது.

கறுப்புப் பட்டையும் ‘அன்அலோகேட்டட்’ என்ற சொல்லும் இருந்தால், டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையே காணவில்லை. ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்து எம்பிஆரா ஜிபிடியா (அட்டவணையின் பழைய வகையா, புதிய வகையா) என்று கேட்கும் சாளரமும் இதே வகை. உள்ளே தேவையான கோப்பு இல்லை என்றால் ஜிபிடி கொடுத்து, புது வால்யூம் உருவாக்கி வேலையை முடித்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற மிகப் பழைய கணினியில் பயன்படுத்துவதென்றால் மட்டும் எம்பிஆர், அதன் வரம்பு 2 டிபி. கோப்பு வேண்டும் என்றால் ‘கேன்சல்’ செய்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அளவு காட்டவே இல்லை, அல்லது ‘நோ மீடியா’ என்கிறது என்றால், கேஸின் போர்டு மட்டும் கணினியோடு பேசுகிறது, டிஸ்க் அதனோடு பேசவில்லை. முனையை மறுபடி கழற்றிச் செருகுங்கள், கேஸை மாற்றுங்கள். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் அது பழைய கேஸின் குறை. 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாத போர்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. புதுக் கேஸ் போட்டால் சரியாகிவிடும்.

‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்கிறது

நிறைய பேர் தகவலை இழப்பது இந்த ஒரு சாளரத்தில்தான். விண்டோஸ் சொல்ல வருவது ‘எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை’ என்பது மட்டும்தான். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் கிடையாது. ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, ஏன் படிக்க முடியவில்லை என்று யோசிக்கலாம்.

அந்தப் பார்ட்டிஷன், விண்டோஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான லினக்ஸுடையதாக இருக்கலாம். தமிழக அரசு 2011-ல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே இருந்தது. இன்று பல வீடுகளில் பரணில் கிடப்பது அந்த மடிக்கணினிதான். அதன் டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் பகுதி ஒழுங்காகத் திறக்கும், லினக்ஸ் பகுதிக்கு ஃபார்மட் கேட்கும். கல்லூரி நாள் ப்ராஜெக்ட்டும் படங்களும் அந்த லினக்ஸ் பகுதியில் இருக்கக்கூடும். உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவாமலே ‘ட்ரை உபுண்டு’ தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் பகுதி, விண்டோஸ் பகுதி இரண்டையும் அது திறந்து காட்டும். விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டும்தான் அனுமதிக்கிறது என்றால், பழைய கணினி முழுதாக அணையாமல் ஹைபர்னேட் நிலையில் நின்றிருக்கிறது என்று பொருள். காப்பி எடுக்க அது தடையில்லை.

டிஸ்க் முன்பு வேறொரு கேஸில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். சில கேஸ்களின் போர்டு 512 பைட் செக்டரை (டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் சின்னக் கட்டம்) 4096 பைட்டாக மாற்றிக் கணினிக்குக் காட்டும். அந்தக் கேஸிலிருந்து கழற்றி வேறு கேஸில் போட்டால் கணக்கு மாறிப்போய் ‘ரா’, அதாவது வடிவம் புரியாத பகுதி, என்று தெரியும். முதல் கேஸ் இன்னும் கையில் இருந்தால் அதிலேயே போடுங்கள், எல்லாம் அப்படியே திரும்ப வரும். இதைத் தெரியாமல் மீட்பு மென்பொருளுக்குக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டும் இல்லையென்றால், எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் ஃபைல் சிஸ்டம் உண்மையிலேயே சிதைந்திருக்கிறது. இந்த இடத்தில் ‘செக் டிஸ்க்’ ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். தகவல் வேண்டாம் என்றால் ஓட்டுங்கள். வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தப் பார்க்கும், உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. பெயர் தொலைந்த துண்டுகளாக ஒரு கோப்புறையில் கொட்டிவிட்டுப் போய்விடும். சரியான வரிசை இதுதான்: முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொரு பெரிய டிஸ்க்குக்குப் பிம்பமாக, அதாவது அச்சு அசல் நகலாக, எடுங்கள். லினக்ஸில் இருக்கும் ‘டிடி ரெஸ்க்யூ’ இதற்கென்றே பிறந்தது. முதல் சுற்றில் எளிதாக வரும் பகுதிகளை அள்ளிக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். பிறகு அந்தப் பிம்பத்தின் மேல் ‘டெஸ்ட் டிஸ்க்’ ஓட்டினால் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும், ‘ஃபோட்டோ ரெக்’ ஓட்டினால் பெயர் இல்லாவிட்டாலும் படங்களையும் ஆவணங்களையும் பொறுக்கி எடுக்கும். மூன்றுமே இலவசம். மீட்கும் கோப்புகளை அதே டிஸ்க்கில் மட்டும் சேமிக்காதீர்கள்.

48 இலக்க எண்ணைக் கேட்கிறது

டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டியிருக்கிறது. ‘நான் பூட்டவே இல்லையே’ என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் பல மடிக்கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடும். பழைய கணினிக்குள் இருந்தவரை அதன் சிப் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தது, டிஸ்க் வெளியே வந்ததும் சாவி கேட்கிறது. அந்தக் கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்ததோ அதில் வலைத்தளம் வழியாக நுழைந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவியைத் தேடுங்கள். திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒத்துப்போகும் சாவியை எடுக்க வேண்டும். அலுவலக மடிக்கணினி என்றால் ஐடி பிரிவிடம் கேளுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதைப் படிக்க வழி கிடையாது. டிஸ்க்கை அழித்துப் பயன்படுத்தலாம்.

டிரைவ் திறக்கிறது, பழைய பயனர் கோப்புறை மட்டும் திறக்க மறுக்கிறது

உரிமை பழைய விண்டோஸ் கணக்கின் பெயரில் இருக்கிறது. நிர்வாகி கணக்கில் இருந்தபடி கோப்புறையை இருமுறை சொடுக்கி, வரும் சாளரத்தில் ‘கன்டினியூ’ கொடுத்தால் போதும். ஒவ்வொரு கோப்பாக உரிமையை மாற்றி எழுதுவதால் பச்சைப் பட்டை மெதுவாக நகரும், பொறுமையாக இருங்கள். டிஸ்க் தட்டுத்தடுமாறும் நிலையில் இருந்தால் இதைச் செய்யாமல் உபுண்டுவில் திறந்து காப்பி எடுங்கள். அங்கே இந்த உரிமைச் சிக்கலே வராது.

காப்பி ஆகும்போது வேகம் படுத்துவிடுகிறது, அல்லது டிஸ்க் துண்டிக்கிறது

முதலில் எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 முதல் 35 எம்பி வரைதான் வரும். 100 ஜிபி நகர ஒரு மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் இருந்தால் பழைய டிஸ்க்கிலேயே 80 முதல் 100 எம்பிவரை எதிர்பார்க்கலாம். போர்ட் நீலம், கேபிள் பழையது என்றால் கேபிளின் வேகம்தான் கிடைக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் எப்போதும் மெதுவாகத்தான் போகும்.

வேகம் நன்றாகப் போய்க்கொண்டே இருந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பில் மட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கி நின்றால் அங்கே டிஸ்க்கில் சேதம் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தாண்டி முக்கியமானவற்றை முதலில் எடுங்கள். வெவ்வேறு கோப்புகளில், வெவ்வேறு நேரத்தில் டிங் என்று துண்டித்துத் திரும்ப இணைந்தால் மின்சாரமும் கேபிளும்தான் காரணம். மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் துண்டித்தால் மின் சேமிப்பு அமைப்பு தூங்க வைக்கிறது. ‘பவர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை அணைத்துப் பாருங்கள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் தகராறு தொடங்குகிறது என்றால் தொட்டுப் பாருங்கள். காற்றே போகாத பிளாஸ்டிக் கேஸுக்குள் 3.5 அங்குல டிஸ்க், மே மாத மதியத்தில் நன்றாகவே சூடேறும். சாதாரண டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி. 50 தாண்டினாலே கேஸின் மூடியைக் கழற்றி, மின்விசிறிக் காற்று படும்படி வைத்துவிடுங்கள். ஓடும்போது டிஸ்க்கைப் புரட்டவோ நிமிர்த்தவோ கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது, இந்த டிஸ்க்கை நம்பலாமா?

‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். நூறு வரி இருந்தாலும் நான் பார்ப்பது நான்குதான். வலது ஓரத்தில் இருக்கும் ‘ரா’ எண்தான் (இங்கே கச்சா மதிப்பு என்று பொருள்) முக்கியம். அது பதினறும எண்ணாகத் தெரியலாம், அமைப்பில் தசம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். சி5, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். சி6, சோதனையில் திருத்த முடியாமல் போனவை. இந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியிருந்தாலும் டிஸ்க்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சி7 மட்டும் எகிறியிருந்தால் கேபிளில் வந்த பிழை அது. பழைய கணினியில் கேபிள் தளர்வாக இருந்ததன் சுவடாகக்கூட இருக்கலாம். அந்த எண் குறையவே குறையாது, மேலும் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சி5-ல் சில எண்கள் இருந்தால் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். வேண்டியதையெல்லாம் எடுத்த பிறகு, ‘க்விக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள். விஸ்டா முதல் விண்டோஸ் முழு ஃபார்மட்டில் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதுகிறது. தவித்துக்கொண்டிருக்கும் செக்டர்கள் அப்போது ஒன்று தேறும், இல்லை மாற்று இடம் பெறும். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் எண்களை மறுபடி பாருங்கள். சி5 பூஜ்ஜியமாகி, 05 நின்ற இடத்திலேயே நின்றால், மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமாப் படங்கள், பாடல்கள், மென்பொருள் கோப்புகளுக்கு அந்த டிஸ்க் உதவும். ஒரு வாரத்தில் எண் இன்னும் கூடியிருந்தால் விட்டுவிடுங்கள். எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கல்யாண ஆல்பத்தின் ஒரே பிரதியைப் பழைய டிஸ்க்கில் மட்டும் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது பிரதிக்கு அது அருமையான இடம்.

கேஸ் வழியாக ஸ்மார்ட் எதுவுமே தெரியவில்லை என்றால் அந்தப் போர்டு தகவலைக் கடத்தவில்லை. டிஸ்க்கை நேராகச் சாட்டாவில் மாட்டிப் பாருங்கள்.

பழைய பார்ட்டிஷன்கள் அழிய மறுக்கின்றன, அளவும் குறைகிறது

500 ஜிபி டிஸ்க் 465 என்று தெரிவது குறையில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அதற்கும் கீழே இருந்தால் பழைய மீட்புப் பார்ட்டிஷனும் தொடக்கப் பார்ட்டிஷனும் இடத்தைப் பிடித்திருக்கின்றன. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றுக்கு ‘டிலீட்’ வராது.

நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ ஓட்டுங்கள். ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால் வரிசை வரும். உங்கள் பழைய டிஸ்க் எந்த எண் என்பதை அளவை வைத்து உறுதி செய்யுங்கள். இரண்டு டிஸ்க் ஒரே அளவு என்றால், பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்து எது காணாமல் போகிறது என்று பாருங்கள். இங்கே எண் மாறினால் கணினியின் சொந்த டிஸ்க் காலியாகிவிடும். அப்புறம் ‘செலக்ட் டிஸ்க்’ என்று அந்த எண்ணோடு கொடுத்து, ‘க்ளீன்’. அட்டவணை முழுவதும் போய்விடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குத் திரும்பி இனிஷியலைஸ் செய்து ஒரே பார்ட்டிஷனாக உருவாக்குங்கள்.

எந்த வகையில் ஃபார்மட் செய்வது? விண்டோஸ் கணினிகளுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ்ஸைத் தானாகப் படிக்கும், எழுதாது.

டிஸ்க்கைச் செருகியபடி கணினியை இயக்கினால் விண்டோஸ் வரவில்லை

பழைய டிஸ்க்கில் இன்னும் பழைய விண்டோஸ் இருக்கிறது, கணினி அதிலிருந்து தொடங்கப் பார்க்கிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) தொடக்க வரிசையில் யூஎஸ்பியைக் கீழே தள்ளுங்கள், அல்லது மேலே சொன்ன ‘க்ளீன்’ செய்துவிடுங்கள்.

கணினியில் தெரிகிறது, டிவியில் தெரியவில்லை

சில டிவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, சில ஜிபிடி டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. எம்பிஆர், என்டிஎஃப்எஸ் என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஃபேட்32. ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் ஃபேட்32-ஐக் காட்டாது, அதற்குத் தனி மென்பொருள் தேவைப்படலாம். இன்னொன்று, டிவியின் எல்லா யூஎஸ்பி போர்ட்டும் ஹார்டு டிஸ்க்கைத் தாங்காது. பின்பக்கம் ‘ஹெச்டிடி’ என்றோ 1 ஆம்பியர் என்றோ அச்சிட்ட போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள்.